சிகாகோ அத்லெட்டிக் அசோசியேஷன் ஹோட்டல்: உறுப்பினர்களுக்கென்று கட்டி, ஊருக்கே திறந்துவிட்ட கட்டடம்

சிகாகோ நகர மையத்தில், தெற்கு மிச்சிகன் அவென்யூ 12ஆம் எண்ணில் இருக்கும் சிகாகோ அத்லெட்டிக் அசோசியேஷன் ஹோட்டலில் தங்க நினைப்பவர்கள், அறையைப் பதிவு செய்வதற்கு முன் அந்தக் கட்டடத்தின் வரலாற்றைக் கொஞ்சமேனும் படித்துவிட்டுப் போவது நல்லது. அங்கே நாம் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி அந்த வரலாற்றுக்கானது. நல்ல மெத்தையும் சுத்தமான குளியலறையும் அதே வட்டாரத்தில் வேறு பல விடுதிகளில் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்துவிடும். செல்வந்த ஆண்களின் கிளப்பாக 1893இல் திறக்கப்பட்டு, 2007 வரை, அதாவது 114 ஆண்டுகள், உறுப்பினர்களும் அவர்கள் அழைத்து வந்த விருந்தினர்களும் மட்டுமே புழங்கிய கூடங்களில் யார் வேண்டுமானாலும் படியேறிப் போய் உட்காரலாம் என்ற நிலை 2015இல்தான் வந்தது. அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டது ஒரு வணிக நிறுவனம்தான் என்றாலும், அதைப் பெரும்பாலும் மரியாதையோடு செய்திருக்கிறது என்பதே அங்கே தங்கிப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு. பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்பதையும் போகப்போகச் சொல்கிறேன்.

அத்லெட்டிக் கிளப் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெருநகரங்களில் வளர்ந்த ஒரு தனி வகை அமைப்பு. நியூயார்க் அத்லெட்டிக் கிளப் 1868இல் தொடங்கப்பட்டது. சிகாகோவின் சங்கம் 1890இல் உருவானது. பெயரில் உடற்பயிற்சி இருந்தாலும் அது வெறும் பயிற்சிக்கூடம் அன்று. காலையில் நீந்திவிட்டு அலுவலகம் போகவும், நண்பகலில் தொழில் கூட்டாளியோடு சாப்பிடவும், மாலையில் பில்லியர்ட்ஸ் ஆடவும், நேரமாகிவிட்டால் மாடியில் ஓர் அறை எடுத்துப் படுத்துக்கொள்ளவும் ஒரே கூரையின் கீழ் வசதி செய்து தந்த இடம் அது. பெருங்கடை முதலாளி மார்ஷல் ஃபீல்டு, விளையாட்டுப் பொருள் வணிகத்தில் பெயர்பெற்ற ஆல்பர்ட் ஸ்பால்டிங், அறுவடை இயந்திரத் தொழிலின் மக்கார்மிக் குடும்பத்தார் போன்றவர்கள் இச்சங்கத்தோடு தொடர்புடையவர்கள். அந்நகரின் அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால் இந்தப் பெயர்களின் கனம் புரியும். 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகர மையம் முழுவதும் சாம்பலாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டி, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம் என்ற இடத்தைச் சிகாகோ பிடித்துவிட்டது. கொலம்பஸ் வந்திறங்கிய நானூறாம் ஆண்டைக் கொண்டாடும் உலகக் கண்காட்சியை நடத்தும் உரிமையும் நியூயார்க்கை முந்திக்கொண்டு அதற்கே கிடைத்தது. உலகமே வந்து பார்க்கப்போகிறது என்ற நிலையில், தங்கள் கிளப்புக்கு எளிமையான முகப்பு போதும் என்று அந்த முதலாளிகள் நினைத்திருக்க வழியில்லை.

கட்டடத்தை வடிவமைக்க அவர்கள் அழைத்தவர் ஹென்றி ஐவ்ஸ் காப். நியூபெரி நூலகமும், சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தின் தொடக்கக் கட்டடங்களும், உலகக் கண்காட்சியின் மீன்வள அரங்கமும் அவருடைய கைவண்ணமே. எந்தப் பாணியைக் கேட்டாலும் அந்தப் பாணியில் திறமையாகக் கட்டித் தரக்கூடியவர் என்பதுதான் அவருடைய பலம். இந்தக் கிளப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, வெனிஸ் நகரத்தின் ஆட்சித் தலைவரான டோஜ் வாழ்ந்த டோஜ் அரண்மனை.

முகப்பை ரசிக்க வேண்டுமானால் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. சாலையைக் கடந்து எதிரே மில்லினியம் பூங்காவின் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். கீழ்த்தளங்களின் மேல், கூர்முனை வளைவுகள் வரிசையாக எழுகின்றன. அவற்றின் இடைவெளிகளில் நான்கிதழ் மலர் வடிவத்தில் கல்லைத் துளைத்துச் செதுக்கிய சாளர வேலை தெரிகிறது. ஒரு தளத்தில் கண்ட வளைவின் அமைப்பு அடுத்த தளத்தில் அப்படியே திரும்ப வருவதில்லை. அகலமும் உயரமும் இதழ்களின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே போகின்றன. காலை வெயில் ஏரிப் பக்கத்திலிருந்து நேராக முகப்பின் மீது விழும்போது, செதுக்கலின் ஒவ்வொரு விளிம்பும் பின்னால் உள்ள கண்ணாடியின் மேல் தன் நிழலைப் போடுகிறது. இந்தக் காட்சிக்காகவே ஒருநாள் சற்று முன்னதாக எழுந்து கீழே இறங்கி வரலாம். நண்பகலுக்குப் பிறகு முகப்பு முழுவதும் நிழலில் ஆழ்ந்துவிடுவதால், மாலையில் படமெடுக்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அங்கே நின்றபடியே பார்வையைத் தெற்கே சற்று நகர்த்தினால், ஒட்டினாற்போல் கேஜ் கட்டடங்கள் தெரியும். தொப்பி வணிகர்களுக்காக ஹோலபேர்டு அண்ட் ரோச் நிறுவனம் கட்டியவை அவை. அவற்றில் 18ஆம் எண்ணின் முகப்பை மட்டும் லூயிஸ் சல்லிவன் 1899இல் வடிவமைத்தார். தொப்பி தைப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அகன்ற சாளரங்களும், கட்டடத்தின் எஃகுச் சட்டகத்தை மறைக்காமல் காட்டும் நேர்கோடுகளும், உச்சியில் மட்டும் இலைக்கொத்துபோல் விரியும் அலங்காரமும் கொண்டது அது. 1893 கண்காட்சி பழைய ஐரோப்பியப் பாணிகளைப் பிரதியெடுத்து அமெரிக்கக் கட்டடக்கலையைப் பல பத்தாண்டுகளுக்குக் கெடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் கடுமையாக எழுதியவர் சல்லிவன். அவர் எதிர்த்த போக்கும் அவர் முன்வைத்த மாற்றும் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த இடத்தில், கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அரை மணி நேரம் நிற்கலாம். என் மனம் சல்லிவன் பக்கமே சாய்கிறது. ஆனாலும், காப் செய்தது வெறும் நகல் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. வணிகத்தால் செழித்த ஒரு நீர்க்கரை நகரத்தின் முதலாளிகள், வணிகத்தால் செழித்த இன்னொரு நீர்க்கரை நகரத்தின் அரண்மனையைத் தங்களுக்கு முன்னோடியாகத் தேர்ந்துகொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தப் பொருத்தத்தைக் காப் கல்லில் நம்பும்படி எழுதியும் விட்டார்.

நம்மவர்களுக்கு அந்தத் தெரு இன்னொரு காரணத்தாலும் நெருக்கமானது. ஆலோசனைக்கும் விவாதத்துக்குமாகக் கண்காட்சியின்போது எழுப்பப்பட்டு, பின்னர் கலைக்கழகமாகிய ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடம், அதே மிச்சிகன் அவென்யூவில் கிளப்பிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. அங்கேதான் 1893 செப்டம்பர் 11ஆம் நாள் சர்வசமயப் பேரவை தொடங்கியது. அங்கேதான் விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பி வைக்க அளசிங்கப் பெருமாளும் மற்ற சென்னை இளைஞர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியதையும், இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி துணை நின்றதையும் நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். உலக சமயங்கள் எல்லாம் ஒரே மேடையில் அமர்ந்த அந்தக் கட்டடமும், ஊரின் மேல்தட்டு ஆண்கள் மட்டும் நுழையக்கூடிய இந்தக் கட்டடமும் ஒரே ஆண்டில், ஒரே தெருவில், புதுச்சுண்ணாம்பு மணத்தோடு நின்றிருக்கின்றன. மிச்சிகன் அவென்யூவின் அப்பகுதிக்கு இன்று விவேகானந்தர் பெயர் மரியாதைப் பெயராகச் சூட்டப்பட்டிருக்கிறது. கலைக்கழகத்தின் அருகே அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம்.

கட்டடத்தின் எதிரே இன்று நாம் காணும் திறந்தவெளியும் தானாக அமைந்துவிட்டதன்று. கிளப் கட்டப்பட்ட காலத்தில் எதிரே இருந்தவை இல்லினாய்ஸ் சென்ட்ரல் நிறுவனத்தின் தண்டவாளங்களும், குப்பையும் இடிபாடும் கொட்டி ஏரியைத் தூர்த்த நிலமும்தான். 1836ஆம் ஆண்டு வரைபடத்திலேயே இந்த நிலம் என்றும் கட்டடமின்றித் திறந்திருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டு, அஞ்சல்வழி வணிகர் மான்ட்கோமரி வார்டு 1890 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நகராட்சியோடு வழக்காடினார். அவர் வென்றதால்தான், மிச்சிகன் அவென்யூவின் ஒரு பக்கம் மட்டும் கட்டடங்கள் மதில்போல் எழுந்து நிற்க, மறுபக்கம் ஏரி வரை வெட்டவெளியாகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கிய அறைக்கு விடுதியில் கூடுதல் வாடகை வாங்குகிறார்கள். அந்தக் காட்சியை நமக்கு ஈட்டித் தந்தவர் வார்டுதான்.

இனி உள்ளே போகலாம். நுழைவாயில் ஆடம்பரமானதன்று. இப்படிப்பட்ட கிளப்புகளில் உண்மையான வரவேற்பறை மாடியில்தான் இருக்கும். இங்கேயும் படியேறி இரண்டாம் தளத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கர்கள் தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுவதால், நம் கணக்கில் அது முதல் மாடி. அங்கே இருக்கும் டிராயிங் ரூம் என்ற நீண்ட கூடம்தான் இந்த விடுதியின் உயிர்நிலை என்பேன். கருமை படிந்த மரப்பலகைகள் போர்த்த சுவர்கள், செதுக்கு வேலை நிறைந்த உயரமான கூரை, பெரிய கணப்படுப்புகள், அவற்றைச் சுற்றி ஆழமான தோல் இருக்கைகள், நீண்ட பொது மேசைகள் என்று அமைந்திருக்கும் அக்கூடத்தில், விடுதியில் தங்காதவர்களும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். யாரும் வந்து அறை எண் கேட்பதில்லை. தெருவைப் பார்த்த சாளரத்தின் அருகே அமர்ந்தால், வெளியிலிருந்து பார்த்த கற்செதுக்கு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒவ்வோர் இதழின் உள்விளிம்பும் உட்குழிந்து வளைக்கப்பட்டிருப்பதை இங்கிருந்துதான் பார்க்க முடியும். கீழே தெருவில் நடப்பவர் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் கல்தச்சர்கள் கைச்சிக்கனம் பார்க்கவில்லை.

அடுத்து இருக்கும் விளையாட்டுக் கூடத்தில் பில்லியர்ட்ஸ் மேசை, ஷஃபிள்போர்டு, சதுரங்கம் ஆகியவற்றோடு, போச்சே என்ற இத்தாலியப் பந்துருட்டும் ஆட்டத்துக்கு உட்புறமாகவே அமைத்த களமும் இருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது இங்கேயே கழிந்துவிடும். எட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய மில்க் ரூம் என்ற சிறு மதுக்கூடத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவிய காலத்தில் உறுப்பினர்கள் மறைவாகக் குடித்த இடம் என்று விடுதியார் அதற்குக் கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. மதுவிலக்குக் காலத்து மறைவிடம் என்று விளம்பரம் செய்யாத பழைய கட்டடத்தைச் சிகாகோவில் காண்பது அரிது.

அதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியது இக்கிளப்பின் விளையாட்டு வரலாறு. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முதல் பக்கத்திலேயே இதன் பெயர் வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் 1892இல் சிகாகோ அத்லெட்டிக் அசோசியேஷன் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்கு ஆட்டக்காரர் ஊதியம் வாங்கக்கூடாது, வழிச்செலவு மட்டும் வாங்கலாம் என்பது அன்றைய விதி. பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த அலெகனி அத்லெட்டிக் அசோசியேஷன் ஒரே ஓர் ஆட்டத்துக்கு 500 டாலர் கொடுப்பதாகச் சொல்ல, 1892 நவம்பர் 12 அன்று அவர் அந்த அணிக்காக ஆடினார். அலெகனி சங்கத்தின் கணக்கேட்டில் அந்தத் தொகை பதிவாகியிருப்பதால், ஊதியம் வாங்கியதற்கு ஆதாரம் உள்ள முதல் கால்பந்தாட்டக்காரர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், இச்சங்கத்தின் சார்பில் ஓடிய ஜேம்ஸ் லைட்பாடி 800 மீட்டர், 1500 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் என்ற தடைதாண்டும் ஓட்டம் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றார். நீர்ப்பந்தாட்டத்தில் சங்கத்தின் அணி இரண்டாமிடம் பெற்றது. நாடுகளைவிடக் கிளப்புகளின் மோதலாகவே அந்த ஒலிம்பிக் நடந்தது என்று சொல்லிவிடலாம். சங்கத்தின் சின்னம் வட்டத்துக்குள் அமைந்த சிவப்பு ‘சி’ எழுத்து. சூயிங்கம் வணிகர் வில்லியம் ரிக்லி இங்கே உறுப்பினராக இருந்தவர். சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியும் அவருடைய உடைமையாக இருந்தது. அந்த அணியின் சின்னத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சிகாகோக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். விடுதியின் கதவுகளிலும் பண்டங்களிலும் இந்தச் சின்னம் இன்றும் உண்டு.

இவ்வளவு பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு பாதியோடு நின்றுவிடும். பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள இச்சங்கம் 1972 வரை எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1920இல். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு இந்த மரப்பலகைச் சுவர்களுக்குள் அவர்களுக்கு உரிமையோடு இடமில்லை. மேல்தட்டுக் கிளப்புகளின் கதவு தங்களுக்குத் திறக்காது என்று அறிந்திருந்த சிகாகோவின் ஜெர்மானிய யூதர்கள், 1869லேயே ஸ்டாண்டர்டு கிளப் என்று தங்களுக்கெனத் தனியாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். நகரின் பெரிய ஒப்பந்தங்கள் பல இத்தகைய சாப்பாட்டு மேசைகளில்தான் பேசி முடிக்கப்பட்டன என்பதை நினைத்தால், உறுப்பினராக முடியாமல் போனவர்கள் இழந்தது நீச்சல் குளத்தை மட்டும் அன்று என்பது விளங்கும். சென்னையிலும் இந்தக் கதை நமக்குப் புதிதன்று: வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியை 2014இல் ஒரு கிளப் உள்ளே விடவில்லை, அதே ஆண்டு, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிக்கக்கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஹோட்டல் தன் அலங்காரத்தில் கோப்பைகளையும் பழைய அணிப் படங்களையும் தாராளமாகக் காட்டுகிறது. அதே தாராளத்தோடு 1972 என்ற ஆண்டையும் அந்தக் கூடத்தின் நடுவே காட்டினால், அங்கே வந்து அமரும் இளம்பெண்களுக்குத் தாங்கள் அமர்ந்திருக்கும் இருக்கையின் மதிப்பு தெரியும். பெரும்பாலும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது முதல் காரணம்.

கிளப்பின் முடிவு எதிர்பாராததன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வந்தர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். உடற்பயிற்சிக்கு மலிவான நவீனக் கூடங்கள் வந்தன. தொழில் பேசும் முறையே மாறியது. 2007இல் கிளப் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்ததால் கட்டடம் சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. ஆனால் 2002லேயே மிச்சிகன் அவென்யூவின் இந்தக் கட்டட வரிசை முழுவதையும் நகர நிர்வாகம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவித்திருந்தது. முகப்பின் மேல் யாரும் கைவைக்க முடியாது என்ற அந்த ஏற்பாடு கைகொடுத்தது. ஹயாத் விடுதிகளை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரிட்ஸ்கரின் முதலீட்டு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் கட்டடத்தை வாங்கினார்கள். ஹார்ட்ஷோர்ன் பிளங்கார்டு நிறுவனம் கட்டடச் சீரமைப்பையும், ரோமன் அண்ட் வில்லியம்ஸ் நிறுவனம் உள்ளலங்காரத்தையும் செய்ய, 241 அறைகளோடு 2015 மே மாதம் விடுதி திறக்கப்பட்டது. இதே தெருவின் பிற கிளப் கட்டடங்களோடு ஒப்பிட்டால்தான் இந்த முடிவின் அருமை தெரியும். சற்றுத் தெற்கே 112ஆம் எண்ணில் இருந்த இல்லினாய்ஸ் அத்லெட்டிக் கிளப், நீச்சல் வீரரும் பின்னாள் டார்ஸன் நடிகருமான ஜானி வைஸ்முல்லர் பயிற்சி பெற்ற இடம். இன்று அது கலைக்கல்லூரியின் வகுப்பறைகள். மன்ரோ தெரு முனையில் 1909இல் எழுந்த யுனிவர்சிட்டி கிளப் இன்றும் உறுப்பினர்களுக்கான கிளப்பாகவே நடக்கிறது. அதன் புகழ்பெற்ற கோத்திக் கூடத்தை வெளியாட்கள் எளிதில் பார்த்துவிட முடியாது. ஒன்று பள்ளியாகவும், ஒன்று மூடிய கதவாகவும் தொடர, பொதுமக்கள் நினைத்தபோது நுழைந்து பார்க்கக் கூடியதாக இம்மூன்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

சீரமைப்பில் எனக்கு மனவருத்தம் தந்த பகுதி நீச்சல் குளம். தண்ணீர் இல்லை, குளத்தின் மேல் தளம் போட்டு, டேங்க் என்ற பெயரில் விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஓடு பதித்த சுற்றுப்புறம் மட்டும் பழைய கதையைச் சொல்கிறது. நீர் கசிவும் பராமரிப்புச் செலவும் காப்பீடும் எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் அறிவேன். திருமண விருந்துகளில் வரும் வருமானம்தான் பழைய மரவேலையைக் காப்பாற்றுகிறது என்ற வாதத்தையும் ஏற்கிறேன். ஆனாலும், இதே மிச்சிகன் அவென்யூவின் வடக்குப் பகுதியில், 1929இல் மெடினா அத்லெட்டிக் கிளப்பாகக் கட்டப்பட்டு இப்போது இன்டர்கான்டினென்டல் விடுதியாக இருக்கும் கட்டடத்தில், பழைய நீச்சல் குளத்தைக் குளமாகவே பாதுகாத்திருக்கிறார்கள். நீர்ப்பந்தாட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சங்கத்தின் வீட்டில் நீந்த ஒரு குளம் இல்லை என்பதற்கு எந்த வணிகக் கணக்கும் எனக்கு ஆறுதல் தரவில்லை. மாறாக, உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டாக் கோர்ட் என்ற கூடைப்பந்துத் தளத்தை மரத்தரையோடு வைத்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பயிற்சியாளர் ஏமோஸ் அலான்ஸோ ஸ்டாகின் பெயர் அதற்கு. உலகக் கண்காட்சியை நினைவூட்டும் ஒயிட் சிட்டி என்ற விருந்து மண்டபத்தின் கூரை வேலைப்பாடும் பழுதின்றி மீட்கப்பட்டிருக்கிறது.

அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கட்டடத்தின் அளவுக்கு ஏற்ப அமைந்தவை என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. சில விசாலமானவை, சில ஒடுக்கமானவை. ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கையூன்றிச் சுழலும் பாம்மல் ஹார்ஸ் கருவியின் வடிவத்தில் தோல் போர்த்திய ஓர் இருக்கை கட்டில் ஓரத்தில் கிடக்கிறது. குளியலறையில் மாட்டியிருக்கும் அங்கி, குத்துச்சண்டை வீரர் களமிறங்கும்போது அணிவதைப்போலத் தைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய குறிப்புகள் எளிதில் மலிவான வேடிக்கையாகிவிடக் கூடியவை. இங்கே அளவோடு நிறுத்திக்கொண்டதால் அழகாக இருக்கின்றன. நல்ல தோல், நல்ல தையல், பழைய கட்டடத்தோடு ஒத்துப்போகும் நிறங்கள். பணியாளர்களும் கட்டடத்தைப் பற்றிக் கேட்டால் ஆர்வத்தோடு நின்று பதில் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத அந்த ஆர்வத்தை விடுதி நிர்வாகம் எப்படியோ வளர்த்திருக்கிறது.

பதின்மூன்றாம் தளத்தில் இருக்கும் சிண்டீஸ் என்ற கூரை உணவகம்தான் பெரும்பாலோர் அறிந்த பகுதி. ஜான் பிரிட்ஸ்கரின் தாயார் சிண்டி பிரிட்ஸ்கரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அவரும் கணவர் ஜேயும் சேர்ந்து 1979இல் நிறுவியதுதான் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு. மொட்டைமாடியின் விளிம்பில் நின்றால், ஃபிராங்க் கேரி வடிவமைத்த ஜே பிரிட்ஸ்கர் இசையரங்கின் எஃகு மடல்களும், மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் கிளவுட் கேட் சிற்பமும், அவற்றுக்கு அப்பால் ஏரியும் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன. கணவர் பெயரில் உள்ள அரங்கை மனைவி பெயரில் உள்ள மாடத்திலிருந்து பார்க்கிறோம். உணவின் விலை நகர மையத்துக்கே அதிகம்தான். வார இறுதி மாலைகளில் மின்தூக்கிக்கே வரிசை நிற்கிறது. வேலைநாளில் பகல் உணவு நேரத்துக்குச் சற்று முன்பாகப் போனால் அதே காட்சியை நெரிசலின்றிப் பார்க்கலாம்.

செலவைத் திட்டமிடும்போது, காட்டப்படும் அறை வாடகைக்கு மேல் 17 விழுக்காட்டுக்கும் அதிகமான விடுதி வரியும் இதர கட்டணங்களும் சேரும் என்பதை மறந்துவிடக்கூடாது. கோடையிலும் பெரிய மாநாடுகள் நடக்கும் வாரங்களிலும் வாடகை ஏறும், குளிர்கால மாதங்களில் கணிசமாக இறங்கும். கணப்படுப்புகளின் அருகே அமரும் சுகத்துக்காகவே குளிர்காலத்தைப் பரிந்துரைப்பேன். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீலத்தட ரயிலில் வந்து மன்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். சைவம் மட்டும் உண்பவர்களுக்குக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே இருக்கும் ஷேக் ஷாக்கில் காளான் பர்கர் கிடைக்கும். தங்க வசதிப்படாதவர்கள் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு டிராயிங் ரூமில் அமர்ந்தாலே இந்தக் கட்டடத்தின் மிகச்சிறந்த பகுதியைப் பார்த்தவர்களாகிவிடுவார்கள். தங்குபவர்கள், விருந்து மண்டபங்களில் நிகழ்ச்சி இல்லாத நேரம் எது என்று வரவேற்பு மேசையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒயிட் சிட்டி மண்டபமும் ஸ்டாக் கோர்ட்டும் பெரும்பாலான மாலைகளில் யாராவது ஒருவருடைய திருமணத்துக்கோ நிறுவன விருந்துக்கோ போய்விடுகின்றன.